310 மீட்டர் சைக்கிள் தடம்: பெயிண்ட் வாளியில் தொடங்கி கர்ப் கல் வரை

பள்ளி திறந்த அன்று காலை ஏழரை மணிக்கே தெருமுனைக்குப் போய் நின்றுவிட்டேன். கோடை விடுமுறையில் சைக்கிள் தடத்துக்குக் கர்ப் கல், அதாவது சாலையிலிருந்து தடத்தைப் பிரிக்கும் ஓரக் கல், பதித்து முடித்திருந்தார்கள். முதல் சைக்கிள் 7.52-க்கு உள்ளே நுழைந்தது. இரட்டைச் சடை போட்ட இரண்டு பிள்ளைகள், ஒருத்தி மிதிக்க இன்னொருத்தி கேரியரில். எந்த வண்டியும் அவர்களை உரசாமல் பள்ளி வாசல் வரை போனார்கள். 22 மாத வேலை. வேறு ஊரில் யாராவது இதைச் செய்ய நினைத்தால் நாங்கள் இடறிய இடங்களிலாவது இடறாமல் இருக்கட்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது டெல்டாவில் ஒரு நகராட்சி. மேடு பள்ளம் இல்லாத ஊர். சைக்கிளுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். தெப்பக்குளத்து முனையிலிருந்து அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி வரை 640 மீட்டர். டவுன் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் அதில்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் பிள்ளைகள் வருவதும் அதே சாலையில்தான். ஒரு ஆகஸ்ட் மாதம், சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது சைக்கிளோடு என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு வேனுக்கும் நின்றிருந்த காருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் அப்பா அவளைச் சைக்கிளில் அனுப்பவில்லை. அந்த சைக்கிள் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான் இதைத் தொடங்கினேன்.

முதல் ஐந்து மாதம் வீண். 412 கையெழுத்து வாங்கி, "பாதுகாப்பான சாலை வேண்டும்" என்று மனுக் கொடுத்தோம். என்ன வேண்டும், எந்த இடத்தில், எத்தனை அடி என்று ஒரு வரிகூட அதில் இல்லை. பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அப்படி ஒரு மனுவுக்கு வேறு என்ன பதில் எழுத முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. சாலை யாருடையது என்றே நாங்கள் விசாரிக்கவில்லை. ஜனவரியில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பள்ளிப் பக்கத்து 310 மீட்டர் நகராட்சியுடையது, தெப்பக்குளத்துப் பக்கத்து 330 மீட்டர் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது என்று பதில் வந்தது. ஒரே சாலை, இரண்டு சொந்தக்காரர்கள். இதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். இனி எந்தத் தெருவில் இறங்கினாலும் என் முதல் செலவு அந்தப் பத்து ரூபாய்தான்.

பிறகு அளவு. 30 மீட்டர் டேப், சாக்பீஸ், ஒரு அன்ரூல்டு நோட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. நான், என் மகள், எதிர்வீட்டு மேஸ்திரி அண்ணன், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் என்று நான்கு பேர். பதினோரு இடத்தில் அளந்தோம். பெரும்பாலான இடங்களில் 9.8 மீட்டர் வந்தது. மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்து படம் போட்டோம். எல்லாரையும் திருப்திப்படுத்த நினைத்து, வண்டிகளுக்குத் தாராளமாக விட்டு, இடது ஓரத்தில் சைக்கிளுக்கு 1.5 மீட்டர் ஒதுக்கினோம்.

அந்தப் படத்தின் குறை என்ன என்று மகள்தான் காட்டினாள். சாக்பீஸ் கோட்டுக்குள் சைக்கிள் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இருபது அடி போனவள் கோட்டைத் தாண்டி நடுச் சாலைக்கு வந்துவிட்டாள். "அம்மா, இதுல பாதி சாக்கடை மூடிமா. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சக்கரம் இறங்குது" என்றாள். நாங்கள் சாக்கடைச் சுவரிலிருந்து சாக்கடைச் சுவர் வரை அளந்திருந்தோம். இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் மூடிக் கற்கள். சில கற்கள் காலை வைத்தால் ஆடும், சில ஐந்து சென்டிமீட்டர் எழும்பி நிற்கும். அப்படியானால் நாங்கள் கொடுத்த 1.5 மீட்டரில் மிதிக்கக்கூடியது 90 சென்டிமீட்டர். மறுபடி தார் விளிம்பிலிருந்து தார் விளிம்பு வரை அளந்தோம்: 8.6 மீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் நீளத்துக்கு மட்டும் 7.9.

டவுன் பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர். இரண்டு பஸ் எதிரெதிரே மெதுவாகக் கடக்க ஆறு மீட்டர் போதும் என்று வைத்துக்கொண்டோம். தடுப்புக்கு 40 சென்டிமீட்டர். மீதி 2.2 மீட்டர் சைக்கிளுக்கு. வண்டி நிறுத்த இடம் கிடையாது. சண்டை வரப்போவது அங்கேதான் என்று அன்றே தெரிந்தது.

ஜூனில் பள்ளி திறந்ததும் எண்ணினோம். காலை 7.45 முதல் 9.15 வரை மூன்று நாள். எண்ணுவது சுலபம் என்று நினைத்து முதல் நாள் நான் ஒருத்தியே நின்றேன். சைக்கிள், டூவீலர், ஆட்டோ, பஸ் எல்லாவற்றையும் ஒரே தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக் கூட்டத்தில் எல்லாம் குழம்பிப்போனது, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த நாளிலிருந்து ஆளுக்கு ஒரு வண்டி வகை. நல்ல வெயில் நாளில் 188 சைக்கிள், அதில் 171 மாணவிகள். மழை பெய்த நாளில் 97. மழை நாள் கணக்கை மறைக்காமல் சேர்த்துக் கொடுத்தோம். நல்லதை மட்டும் காட்டினால் பிறகு எதையும் நம்ப மாட்டார்கள்.

கடைக்காரர்கள்தான் எங்களுக்குக் கடினமான பாடம். நிறுத்துமிடம் போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்கள் பயந்தது நியாயம்தான். அவர்கள் வயிற்றுப்பாடு. நான் முதலில் நேராகப் போய் வாதாடினேன். "நீங்க சம்பளக்காரங்க அக்கா, மாசம் பொறந்தா காசு வரும். நாங்க அன்னன்னைக்கு" என்று காய்கறிக் கடைத் தம்பி சொன்னதும் பேச்சு வரவில்லை. பிறகு வாதத்தை விட்டுவிட்டு அவரிடமே கேட்டேன்: "சரி தம்பி, உன் கடைக்கு வர்றவங்க எப்படி வர்றாங்க?" பாதிக்கு மேல் டூவீலரில் என்றார். "மூணு சாயங்காலம் நானும் உன் கடையில உக்காந்து எண்ணட்டுமா?" என்றேன். ஆறு கடைகளில் உட்கார்ந்தோம், கடைக்காரர்களும் எங்களோடு சேர்ந்து கோடு போட்டார்கள். 120 பேர் வந்தார்கள்: நடந்து 58, சைக்கிள் 31, டூவீலர் 27, கார் 4. அந்த மாலைகள் முடிந்தபோது ஆறில் நான்கு பேர் எதிர்ப்பை விட்டார்கள். மற்ற இருவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு எதிரே குறுக்குச் சந்தில் எட்டு டூவீலர் நிறுத்தக் கோடு போட்டுக் கொடுத்தோம். எண்ணும் வேலையை எங்கள் ஆளை வைத்து மட்டும் செய்திருந்தால் அந்தக் கணக்கை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

நவம்பர் 1, உள்ளாட்சி தினம், வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம். கணக்கு டீச்சர் ப்ரொஜெக்டர் வேண்டாம் என்றார். கூட்டம் நடந்த சமுதாயக்கூடத்துத் தரையிலேயே 8.6 மீட்டரைச் சுண்ணாம்பில் வரைந்தோம். இரண்டு பஸ் அகலத்துக்குப் பாய் விரித்தோம். மீதி இடத்தில் இரண்டு சைக்கிளை எதிரெதிரே நிறுத்தினோம். கவுன்சிலர் நடந்து பார்த்தார். வயதான ஒருவர், "இதெல்லாம் வெளிநாட்டுல ஆரம்பத்துல இருந்தே இருக்கும்மா, நம்மூருக்கு ஒத்து வராது" என்றார். அதற்கு டீச்சர் சொன்ன பதிலால்தான் கூடம் அமைதியானது. சைக்கிள் நாடு என்று இன்று நாம் சொல்லும் நெதர்லாந்தில் 1971-ல் சாலை விபத்தில் 3,000-க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். "அங்கேயும் ஆரம்பத்துல இருந்தே இல்லைங்கய்யா. கேட்டு வாங்கினது" என்றார். 160 மீட்டரில், 14 நாள் சோதனைக்குத் தீர்மானம் ஆனது. போக்குவரத்துக் காவலரின் ஒப்புதல் வாங்கி, மழைக்காலம் கழித்துப் பொங்கலுக்குப் பிறகு என்று நாள் குறித்தோம்.

சோதனையில் செய்த தவறுகளை விரிவாகவே எழுத வேண்டும். முதலில் ஆரஞ்சு கூம்புகள். ஒன்று 280 ரூபாய், முப்பது வாங்கினோம், 8,400 ரூபாய். இரண்டாம் நாள் இரவில் பதினொன்று காணோம், நான்கு லாரிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. காற்றடித்தாலே நகரும் பொருளை வைத்துத் தடம் என்று சொன்னது எங்கள் தவறு.

மேஸ்திரி அண்ணன் யோசனையில் பெயிண்ட் வாளிக்கு மாறினோம். பெயிண்டர்களிடம் காலியான 20 லிட்டர் வாளி 25 ரூபாய்க்குக் கிடைக்கும். நடுவில் மூன்று அங்குல பிவிசி குழாயை 90 சென்டிமீட்டருக்கு வெட்டி நட்டு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கான்கிரீட் போட்டு, குழாயில் ஒளிரும் டேப் இரண்டு சுற்று. முதலில் தூக்கி வைக்க வசதியாக இருக்கட்டும் என்று பத்து லிட்டர்தான் ஊற்றினோம், சுமார் 24 கிலோ. ஒரு வேன் பின்னால் எடுக்கும்போது இடித்ததில் மூன்று வாளிகள் சாய்ந்து தடத்துக்குள்ளேயே உருண்டன. பாதுகாக்க வைத்தது பிள்ளைகள் வழியில் குறுக்கே கிடந்தது. அன்று மாலையே எல்லாவற்றிலும் இன்னும் ஐந்து லிட்டர் சேர்த்தோம். 36 கிலோ ஆனதும் நின்றது. பழைய கான்கிரீட்டின் மேல் புதுசு பிடிக்க வேண்டுமென்று அண்ணன் மேல்பரப்பைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் ஊற்றிய பிறகுதான் போட்டார்.

அடுத்தது இடைவெளி. நான்கு மீட்டருக்கு ஒன்று என்று 41 வாளி வைத்தோம். ஆட்டோவின் நீளம் மூன்று மீட்டர்கூட இல்லை. நடுவில் அழகாக உள்ளே திரும்பி நின்றன. இன்னும் நாற்பது வாளி வார்த்து, இடைவெளியை இரண்டு மீட்டர் ஆக்கினோம். ஆட்டோ உள்ளே வருவது நின்றுபோனது.

டூவீலர் வருவது நிற்கவில்லை. இதில்தான் நான் செய்த பெரிய தவறு. தடத்துக்குள் நுழையும் வாயில் இடைவெளி 1.2 மீட்டர் விட்டிருந்தோம். ஆட்டோவின் அகலம் ஏறக்குறைய 1.3, அதனால் நுழையாது. ஆனால் சைக்கிள் ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர் என்றால் மோட்டார் சைக்கிளுடையது 75, 80. முதல் நாள் காலை 64 டூவீலர் உள்ளே வந்தன. கோபத்தில் வாயை 80 சென்டிமீட்டருக்குக் குறுக்கினேன். அப்படியும் பாதி டூவீலர் நெளிந்து நுழைந்தன. அடுத்த நாள் காலை பள்ளி வாசலில் ஊதுபத்தி, சாம்பிராணி விற்கும் மாற்றுத்திறனாளி ஒருவர் கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியோடு வாயில் வந்து நின்றார். நுழைய முடியவில்லை. "எல்லாருக்கும் வழி போட்டீங்களே தாயி, எனக்குப் போடலியா" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். நானும் மகளும் அங்கேயே வாளியை உருட்டி 1.2 மீட்டருக்குத் திரும்ப வைத்தோம். அந்த அளவை அதற்குப் பிறகு யார் சொல்லியும் குறைக்கவில்லை.

அப்படியானால் டூவீலரை என்ன செய்வது? மறுநாள் தடுக்காமல், உள்ளே வருகிறவர்கள் யார் என்று மட்டும் பார்த்தோம். முக்கால்வாசிப் பேர் சொந்தப் பிள்ளையை இறக்கிவிட வந்த அப்பா அம்மாக்கள். தலைமையாசிரியை பேசி, வாசலுக்கு 60 மீட்டர் முன்னால், எதிர்ப்பக்க மைதானத்து ஓரத்தில் இறக்கிவிடும் இடம் ஒன்று ஒதுக்கினார். அங்கிருந்து வாசலுக்கு வர ஒரு வரிக்கோட்டுக் கடவை (ஜீப்ரா கிராசிங்). ஒரு வாரத்தில் எண்ணிக்கை 64-லிருந்து 15-க்குள் வந்தது. பூஜ்யம் ஆகவே இல்லை, இன்றும் ஆகவில்லை.

திசையும் தவறிப்போனது. காலையில் பள்ளிக்குப் போகும் பக்கத்தில் மட்டும் தடம் போட்டோம். மாலையில் பிள்ளைகள் அதே தடத்தில்தான் திரும்பி வந்தார்கள், எதிர்ப்பக்கம் பாதுகாப்பில்லாதபோது வேறு எங்கே போவார்கள்? அதனால் ஒருவழியென்று நினைத்துப் போட்டதை இருவழியாக ஏற்றுக்கொண்டு நடுவில் மஞ்சள் விட்டுவிட்டுக் கோடு போட்டோம். 2.2 மீட்டரில் இரண்டு பேர் எதிரெதிரே போகலாம், மூன்று பேர் அடுத்தடுத்து அரட்டையடித்துக்கொண்டு போக முடியாது. இடம் இருந்தால் மூன்று மீட்டர் கேட்டிருப்பேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் தடுப்பை 30 சென்டிமீட்டராக ஒடுக்கியும் தடம் 1.6 மீட்டர்தான் வந்தது. அங்கே பிள்ளைகளே ஒருவருக்கொருவர் நின்று வழிவிட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாம் நாளிலிருந்தே தடத்தில் மணல் சேரத் தொடங்கியது. வண்டிகள் ஓடாத இடத்தில் மணலும் கண்ணாடிச் சில்லும் வந்து ஒதுங்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. நான்கு பஞ்சர். தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கேட்டபோது தள்ளுவண்டி உள்ளே வருமா என்றுதான் முதலில் அளந்தார். வந்தது. ஆனால் அவருக்கு இது கூடுதல் வேலை. அதைக் கேட்காமலே அவர் தலையில் ஏற்றியது சரியில்லை. இப்போது பள்ளியின் சாரணப் பிள்ளைகள் சனிக்கிழமை பெருக்குகிறார்கள், நகராட்சி வேலைப் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

மொத்தச் செலவு: கூம்பு 8,400, வாளி 2,025, பதினான்கு குழாய் 10,500, எட்டு மூட்டை சிமெண்ட் 3,440, மணலும் ஜல்லியும் 4,500, டேப் 3,000, கோடு போடப் பெயிண்ட் 2,600. ஆக 34,465 ரூபாய். தெருவில் வீடு வீடாகத் திரட்டிய பணம். அண்ணன் கூலி வாங்கவில்லை. கூம்புக்குப் போன பணம் மிச்சமாகியிருந்தால் இன்னும் ஏறக்குறைய முப்பது வாளி வார்த்திருக்கலாம்.

சோதனையின் கடைசி நாள் எண்ணியபோது காலையில் 236 சைக்கிள். அந்த மணிக்கட்டு முறிந்த பிள்ளையும் அதில் ஒருத்தி. அவள் அப்பா பின்னாலேயே சைக்கிளில் வந்தார், பள்ளி வாசல் வரை வந்து, அவள் உள்ளே போனதும் திரும்பிப் போனார். எனக்கு அன்று பேச முடியவில்லை.

நிரந்தரமாக்கும் பேச்சில் பொறியாளர் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் கொரோனா காலத்தில் பிளாஸ்டிக் தூண் வைத்துப் பிரித்த தடத்தில் தூண்கள் பலவும் உடைந்துபோனதே, இங்கே என்ன உத்தரவாதம்? அதனால்தான் தூண் வேண்டாம், கர்ப் கல் வேண்டும் என்றோம். சைக்கிள் தடத்துக்கென்று இந்திய சாலை காங்கிரஸ் வெளியிட்ட ஐஆர்சி 11 வழிகாட்டியையும், சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குக் கொள்கை வகுத்ததையும் மனுவோடு இணைத்தோம். புதிய தார் போடும் மதிப்பீட்டிலேயே கல்லையும் சேர்த்தார்கள், தனியாக நிதி தேட வேண்டியிருக்கவில்லை. சாலை மறுபடி போடப்படும் வருடம் எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் வரைபடத்தில் கல் இடைவெளியே இல்லாமல் ஒரே வரிசையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன், "ஐப்பசி மழையில தண்ணி எங்கம்மா போவும்?" என்றார். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும், தண்ணீர் சாக்கடைக்குப் போகத் தடத்தைக் கடந்தாக வேண்டும். கல் அணைபோட்டால் நடுச் சாலையில் குளம் கட்டும். மூன்று மீட்டருக்கு ஒருமுறை 20 சென்டிமீட்டர் வழி விடச் சொன்னோம், பொறியாளர் ஏற்றுக்கொண்டார். மூடிக் கற்களையும் தார் மட்டத்துக்கு இறக்கி, சந்துகளைப் பூசிக் கொடுத்தார்கள். இந்த மழைக்குத்தான் முதல் சோதனை.

இப்போது மீதி இருப்பது தெப்பக்குளத்துப் பக்கத்து 330 மீட்டர். கல் முடியும் இடத்தில் பிள்ளைகள் நேராக லாரிக்கு நடுவில் போய் விழுகிறார்கள். ஸ்பெயினில் செவில்லே நகரம் 2006-07 வாக்கில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தடத்தைத் துண்டு துண்டாக அல்லாமல் ஒன்றோடொன்று இணையும் வலையாகப் போட்டது ஏன் என்று அந்த முனையில் நிற்கும்போது தெரிகிறது. நெடுஞ்சாலைத் துறைக்கு இந்த முறை கையெழுத்துக் கட்டு போகவில்லை. அகல அளவு ஒன்பது இடத்தில், காலை மாலை எண்ணிக்கை, மழை நாள் கணக்கு, கடைக்காரர்கள் சேர்ந்து போட்ட கணக்கு, கல்லுக்கு நடுவில் தண்ணீர் வழி காட்டும் படம், இரண்டே பக்கம் போயிருக்கிறது.

81 வாளிகளும் அண்ணன் வீட்டுக் கொல்லையில் அடுக்கியிருக்கின்றன. ஏழு வாளியில் குழாய் உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குழாய் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.